கண்ணாடிக்கூடத்து அம்மையார்

இங்கிலாந்தின் தென்கரைக்கு அருகே வைட் என்னும் சிறு தீவு உள்ளது. அத்தீவில் உள்ள ஃப்ரெஷ்வாட்டர் என்னும் ஊரில், 1864ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு வீட்டின் கோழிக்கூடு காலி செய்யப்பட்டது. கோழிகள் வெளியே விடப்பட்டன. அவை சமையலறைக்குச் சென்றிருக்க மாட்டா என்று தாம் நம்புவதாக வீட்டுத் தலைவி பின்னாளில் வேடிக்கையாகக் குறித்துள்ளார். கூட்டுக்குக் கண்ணாடி பொருத்தப்பட்டது. நிலக்கரி வைத்திருந்த அறை இருட்டறையாக மாறியது. அந்த வீட்டுத் தலைவிக்கு அப்போது வயது 48. அதற்குமுன் அவர் கேமராவைக் கையாண்டு பழகியவர் அல்லர். அவரே ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார். முகங்களை ஒளிப்படமாக்கும் கலையில் இன்றளவும் முன்வரிசையில் வைத்துப் போற்றப்படுபவர்.

அம்மையார் பிறந்தது நம் நாட்டில்தான். 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர்; தாய் பிரெஞ்சு மரபினர். வளர்ந்த பெண்மக்கள் எழுவர். அவர்களுள் மற்றவர்கள் அழகுக்காகப் பேசப்பட்டனர். ஜூலியா அறிவுத்திறனுக்காகப் பேசப்பட்டார். அழகிகள் நிறைந்த வீட்டில் அழகி அல்லள் என்று எண்ணப்பட்ட பெண், பிற்காலத்தில் அழகு என்பதைத் தம் கண்ணாலேயே அளந்து காட்டினார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இளமையில் பிரான்சில் கல்வி கற்றுக் கல்கத்தாவுக்குத் திரும்பிய ஜூலியா, உடல்நலம் தேறுவதற்காக 1836இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அங்கே அவர் வாழ்வை மாற்றிய இருவரைச் சந்தித்தார். ஒருவர் சார்லஸ் ஹே கேமரன் என்னும் சட்ட அறிஞர். ஜூலியாவைவிட இருபது வயது மூத்தவர். இலங்கை ஆட்சிமுறைச் சீர்திருத்தத்துக்கான ஆணைக்குழுவில் பணியாற்றியவர். மெக்காலே தலைமையிலான இந்தியச் சட்ட ஆணையத்திலும் இடம்பெற்றவர். இவரையே ஜூலியா 1838இல் மணந்தார். மற்றொருவர் தென்வானத்து விண்மீன்களை ஆராய வந்திருந்த வானியலறிஞர் ஜான் ஹெர்ஷல். ஒளிப்படம் மங்கி அழியாமல் நிலைநிறுத்தும் வேதிமுறையை உலகுக்கு அறிவித்தவர் இவரே. கல்கத்தாவில் இருந்த ஜூலியாவுக்குத் தொடக்ககால ஒளிப்படங்கள் சிலவற்றையும் இவர் அனுப்பிவைத்தார். அந்த விதை முளைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

1848இல் குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றது. 1860இல் ஃப்ரெஷ்வாட்டரில் குடியேறியது. அண்டை வீட்டில் கவிஞர் டென்னிசன் வாழ்ந்தார். இலங்கை மலைநாட்டில் இருந்த தங்கள் காப்பித் தோட்டத்தின் பெயரையே கேமரன் குடும்பத்தார் வீட்டுக்குச் சூட்டி, டிம்போலா என்றழைத்தனர். அத்தோட்டங்களைக் கவனிக்கக் கணவரும் புதல்வர்களும் கடல் கடந்து சென்றபோது அம்மையார் தனிமையில் வாடினார். அத்தனிமைக்குத் துணையாக, 1863ஆம் ஆண்டின் இறுதியில் மகளும் மருமகனும் கேமரா ஒன்றைப் பரிசளித்தனர். பொழுதுபோக்குக்காகத் தந்த பொருள் அது.

அக்காலத்துக் கேமரா இன்றைய கைப்பேசி போன்றது அன்று. மரத்தால் ஆன பெரிய பெட்டி. உள்ளே வைப்பதற்குக் கண்ணாடித் தகடு. அத்தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசைநீரைச் சீராகப் பரப்பி, இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடி உருவத்தை வெளிக்கொணர வேண்டும். பின்னர்த் தகட்டைப் பலமுறை கழுவ வேண்டும். முட்டையின் வெண்கரு பூசிய தாளைத் தகட்டோடு சேர்த்து வெயிலில் வைத்தால் படம் பதியும். இவற்றுள் எந்தப் படியில் கை தவறினாலும் முழு உழைப்பும் வீண். கைகள் வெள்ளி நைட்ரேட்டால் கறுத்தன. உடைகளில் கறை படிந்தது. ஈரத் தகட்டை ஏந்திச் சாப்பாட்டு அறைக்கே ஓடி அம்மையார் கணவரிடம் காட்டியதால் மேசைவிரிப்புகளும் பாழாயின. உருவத்தை நிலைநிறுத்த அவர் பயன்படுத்திய சயனைடு கொடிய நஞ்சு என்று ஹெர்ஷல் கடிதம் எழுதி எச்சரிக்கவும் நேர்ந்தது.

முதலில் எடுத்த படம் அழிந்தது. ஈரத் தகட்டின்மேல் அம்மையாரின் கையே பட்டுவிட்டது. ஊர் உழவர் ஒருவருக்கு மணிக்கணக்கில் கூலி கொடுத்து அமரச் செய்து பயின்றார். இரு சிறுவரைப் படமெடுக்கையில் ஒரு பிள்ளை சிரித்துவிட, நெடுநேர உழைப்பு குலைந்தது. கடைசியில், 1864 ஜனவரியில், ஆனி ஃபில்பாட் என்னும் சிறுமி அசையாமல் அமர்ந்திருந்தாள். படம் நன்கு அமைந்தது. அதை அன்றே தாளில் பதித்து, சட்டமிட்டு, சிறுமியின் தந்தையிடம் அளித்தார் அம்மையார். தம் முதல் வெற்றி என்று அப்படத்தின்மேல் குறித்தும் வைத்தார்.

அன்றைய ஒளிப்படக்கூடங்களில் ஒரே வகையான படங்கள் எடுக்கப்பட்டன. திரைச்சீலையும் போலித் தூணும் பின்னணியில் இருக்கும். படமெடுக்க வந்தவர் நல்லாடை அணிந்து விறைப்பாக நிற்பார். அவர் தலை ஆடாதிருக்கப் பின்புறம் ஓர் இரும்புத்தாங்கி இருக்கும். உருவம் உள்ளங்கை அளவே. பொத்தானும் சங்கிலியும் தெளிவாகத் தெரியும். அவர் எப்படிப்பட்டவர் என்பது மட்டும் தெரியாது. அம்மையார் தூணையும் திரையையும் ஒதுக்கினார். தாங்கியையும் விலக்கினார். பெரும்பாலும் கருந்துணி ஒன்றைப் போர்த்தி, ஆடை கண்ணில் படாதவாறு செய்தார். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி விழவைத்து, கேமராவை முகத்துக்கு மிக அருகே கொண்டுசென்றார். 1866இல் வாங்கிய பெரிய கேமராவில் முகங்கள் ஏறத்தாழ உண்மை அளவிலேயே பதிந்தன. அமர்ந்திருப்பவர் சில நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். அத்தனை நேரம் யாரும் போலிப் புன்னகையை நிறுத்தி வைத்திருக்க இயலாது. காட்டிக்கொள்ள நினைத்த முகம் தளர்ந்து, இயல்பான முகம் வெளிப்படும்.

அவருடைய படங்களின் மென்மைக்கு மற்றுமொரு காரணம் உண்டு. ஒளிப்படக்காரர்கள் உருவம் கூர்மையாகத் தெரியும்வரை வில்லையைத் திருகுவர். அம்மையாரோ, தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே கையை நிறுத்திக்கொண்டார். இது முதலில் தற்செயலாகவே நிகழ்ந்தது என்று அவரே ஒப்புக்கொண்டுள்ளார். ஆனால் தற்செயலாகக் கிட்டியதைத் தம் வழியாக ஏற்றுக்கொண்டது அவருடைய தேர்வு. புறத்தோற்றத்தோடு அகத்தின் பெருமையையும் சேர்த்துப் பதிவுசெய்வதே அவர் நோக்கம்.

1867இல் முதியவர் ஹெர்ஷலின் முகத்தைப் படமெடுத்தது இதற்குத் தக்க சான்று. அவர் தம் வெண்முடியைக் கழுவிக் கலைத்துவிட்டுக்கொள்ள வேண்டும் என்று அம்மையார் கேட்டுக்கொண்டார். இருளிலிருந்து எழுவது போன்ற தலை, ஒளிவிடும் முடி, எங்கோ தொலைவை நோக்கும் ஈரக் கண்கள் ஆகியவையே அப்படம். பதவியையோ பட்டத்தையோ காட்டும் பொருள் ஒன்றும் அதில் இல்லை. ஆயினும் வானத்தை நோக்கியே வாழ்ந்த ஒருவர் இவர் என்று பார்ப்பவர் உணர்வர். அடுத்த ஆண்டு டார்வின் ஃப்ரெஷ்வாட்டருக்கு வந்தபோது எடுத்த படத்தையே, தம் படங்களுள் தமக்கு மிகவும் பிடித்தது என்று டார்வின் குறித்தார்.

ஒளிப்படத் துறையினர் அவரை எளிதில் ஏற்கவில்லை. படங்கள் தெளிவற்றவை, தகடுகளில் கீறலும் கைரேகையும் உள்ளன, இவருக்குத் தொழில் தெரியாது என்று இதழ்களில் எழுதினர். இக்குறை முற்றிலும் பொய்யன்று. அம்மையார் பொறுமை குறைந்தவர். விரிசல் விட்ட தகட்டிலிருந்தும் படம் எடுத்து வெளியிட்டார். சிறுவர்க்குச் சிறகு கட்டித் தேவதைகளாக்கி எடுத்த படங்கள் சில இன்று செயற்கையாகத் தோன்றுகின்றன. ஆனால் முகப்படங்களில் தெளிவின்மை என்று பழித்தது குறையன்று. அவர் வேண்டியே செய்தது. யாருக்காகவும் அவர் வில்லையைக் கூடுதலாகத் திருகவில்லை. ஓவியர்கள் அவரைப் பாராட்டினர். பெர்லின் கண்காட்சியில் பதக்கம் கிடைத்தது. லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865இல் அவர் படங்களை விலைக்கு வாங்கியது.

புகழ்பெற்றவர்களை மட்டும் அவர் படமெடுக்கவில்லை. வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரே அன்னை மரியாளாகப் பல படங்களில் தோன்றுகிறார். மேரி ரயன் என்னும் மற்றொரு பெண், தாயோடு சேர்ந்து தெருவில் இரந்து நின்ற சிறுமி. அம்மையார் அவளை அழைத்துவந்து கல்வி அளித்தார். வீட்டுவேலையிலும் படங்களிலும் அவள் துணை நின்றாள். லண்டனில் நடைபெற்ற கண்காட்சியில் அவளைக் கண்டு உள்ளம் பறிகொடுத்த இளைஞர் ஒருவர், 1867இல் அவளை மணந்தார். அவர் பெயர் ஹென்றி காட்டன். நம் கும்பகோணத்தில் பிறந்தவர். பின்னாளில் அசாமின் தலைமை ஆணையராகவும், 1904இல் பம்பாயில் கூடிய இந்தியத் தேசியக் காங்கிரசின் தலைவராகவும் விளங்கியவர்.

புகழ் வந்த அளவுக்குப் பொருள் வரவில்லை. காப்பித் தோட்டங்களின் வருவாயும் குறைந்தது. 1875இல் கணவரும் மனைவியும் தம் புதல்வர்கள் இருந்த இலங்கைக்கே புறப்பட்டனர். தங்கள் இருவருக்கும் சவப்பெட்டிகளையும் கையோடு கொண்டுசென்றனர். பயணத்தின்போது அவற்றுள் பீங்கானும் கண்ணாடிப் பொருள்களும் அடுக்கப்பட்டிருந்தன என்பர்.

இலங்கையில் வெப்பமும் ஈரமும் மிகுதி. வேதிப்பொருள்களும் நல்ல நீரும் எளிதில் கிட்டவில்லை. எனவே அங்கு எடுத்த படங்கள் மிகச் சிலவே. களுத்துறையில் இருந்த அம்மையாரைக் காண மேரியான் நார்த் என்னும் ஓவியர் சென்றார். அப்புழுக்கத்தில் அவருக்குக் கம்பளிச் சால்வை போர்த்தி, தென்னங்கீற்றுகளுக்கு நடுவே நிறுத்திப் படமெடுத்தார் அம்மையார். வழியில் கண்ட ஒருவருடைய முதுகின் கட்டமைப்பை வியந்து, தோட்டமே இல்லாத வீட்டுக்கு அவரைத் தோட்டக்காரராக அமர்த்திக்கொண்டார் என்றும் அவ்வோவியர் எழுதியுள்ளார்.

எஞ்சிய இலங்கைப் படங்களில் இருப்போர் பெரும்பாலும் உழைக்கும் மக்கள். அக்காலத்தில் அம்மலைத்தோட்டங்களில் பாடுபட்டவர்களுள் மிகுதியானோர் தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர்கள். ஹெர்ஷலையும் டார்வினையும் போலவே இம்மக்களையும் அம்மையாரின் கேமரா நேராக நோக்கியது, கண்ணியத்தோடு நோக்கியது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இங்கிலாந்துப் படங்களின் அடியில் பணிப்பெண்ணின் பெயர்கூட இடம்பெற்றது. இலங்கைப் படங்களிலோ களுத்துறைக் குடியானவர்கள் என்பது போன்ற பொதுக்குறிப்புகளே உள்ளன. அவ்வளவு அருகில் சென்று முகத்தைக் கண்டவர் பெயரைக் கேட்டு எழுதாமல் விட்டது ஒரு குறையே.

1879 ஜனவரி 26ஆம் நாள், டிக்கோயாப் பள்ளத்தாக்கில் ஒரு தோட்ட இல்லத்தில் அம்மையார் காலமானார். மறு ஆண்டில் கணவரும் மறைந்தார். இருவரும் பொகவந்தலாவையில் உள்ள சிறிய தேவாலயத்தின் வளாகத்தில் அருகருகே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அவர்கள் காலத்துக் காப்பிச் செடிகள் இலைநோயால் அழிந்துவிட்டன. இன்று அக்கல்லறையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் தேயிலை வளர்கிறது. அங்கே கொழுந்து பறிப்பவர்கள் தமிழ் பேசுகின்றனர்.