பெரம்பூர் ஆலையும் ஒரு தமிழாசிரியரும்

திரு.வி. கலியாணசுந்தரனாரைத் தமிழ்த்தென்றல் என்று போற்றுவது தமிழுலகின் வழக்கம். அத்தென்றல் ஏடுகளுக்கிடையே மட்டும் தவழ்ந்ததன்று. பஞ்சுத் தூசியும் வியர்வையும் மண்டிய பெரம்பூர்ப் பகுதியிலும் அது வீசியது.

செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்னும் சிற்றூரில் 1883ஆம் ஆண்டு பிறந்த அவர், சென்னை இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்றார். அங்கே யாழ்ப்பாணம் நா. கதிரைவேற்பிள்ளையின் தொடர்பு அவரைத் தமிழுக்கு ஆட்படுத்தியது. ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கராகச் சில காலம் இருந்தபின், தாம் பயின்ற வெஸ்லியிலேயே ஆசிரியரானார். 1917இல் அப்பணியையும் துறந்து ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார்.

அந்நாளில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் ஆயிரக்கணக்கானோர் உழைத்தனர். நண்பகல் உணவுக்குக் கிடைத்த இடைவேளையோ அரைமணி நேரம். அவர்கள் குறையைக் கேட்டவர் அப்பகுதி வணிகர் செல்வபதி செட்டியார். அவரும் இராமானுஜுலு நாயுடுவும் நடத்திவந்த வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை பக்திச் சொற்பொழிவுகளுக்கான மன்றம். அங்கே கூடிய தொழிலாளர் முன் திரு.வி.க. பேசினார். சமயம் கேட்க வந்தவர்கள் சங்கம் என்னும் சொல்லைக் கேட்டுத் திரும்பினர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். அனைத்திந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் பம்பாயில் கூடுவதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னரே இது நிகழ்ந்தது.

அதே 1918இல் அவருடைய துணைவியார் கமலாம்பாள் மறைந்தார். பெற்ற மக்களையும் முன்னரே இழந்திருந்த அவர், மறுமணத்தை நாடவில்லை. வீடு வெறுமையாயிற்று, சங்கம் குடும்பமாயிற்று.

வாடியா தமிழறியாதவர். தொழிலாளியோ ஆங்கிலம் அறியாதவன். இருவருக்கும் இடையே பாலமாக அமையத் தமிழுக்குப் புதிய ஆற்றல் வேண்டியிருந்தது. தேவாரமும் பெரியபுராணமும் தோய்ந்த நாவினால் கூலியையும் கதவடைப்பையும் பேசினார் திரு.வி.க. மேடைத்தமிழ் பொதுமக்கள் உடைமையான வரலாற்றில் இது ஒரு பெருந்திருப்பம்.

சோதனைகளும் தொடர்ந்தன. 1920 டிசம்பரில் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் இருவர் மாண்டனர். சங்கத்தார்மேல் நிறுவனம் உயர்நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கு கைவிடப்படுவதற்காக வாடியா சங்கத்தினின்றும் விலக நேர்ந்தது. இத்தகைய வழக்குகளினின்று சங்கங்களுக்குக் காப்பளித்த தொழிற்சங்கச் சட்டம் 1926இல்தான் பிறந்தது.

1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தமே அவர் வாழ்வின் கடுஞ்சோதனை. மாதக்கணக்கில் நீண்ட அப்போரில் ஆதித்திராவிடத் தொழிலாளர் பலர் ஆலைக்குத் திரும்பினர். பட்டினியைத் தாங்கும் வலிமை எல்லார்க்கும் ஒருபடித்தன்று. சாதியால் ஒதுக்கப்பட்டவர்க்குச் சங்கத்தின் அழைப்பு முழு நம்பிக்கையும் தரவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிகள் மீண்டும் முழங்கின. ஆளுநர் வில்லிங்டன், திரு.வி.க.வை நாடு கடத்துவதாக எச்சரித்தார். எச்சரிக்கைக்கு அவர் அஞ்சவில்லை. ஆயினும் ஒரே தறிக்கூடத்தில் உழைத்தோர் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்ட காட்சி எத்தலைவனையும் உருக்கக்கூடியது. அவ்வாண்டு அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. முதலாளியை எதிர்ப்பதினும் அரியது, தொழிலாளரிடையே நிற்கும் சுவரைத் தகர்ப்பது என்பதை அத்தோல்வி காட்டியது.

தோற்ற களத்தை அவர் விட்டு நீங்கவில்லை என்பதே அவருடைய தலைமையின் சிறப்பு. ‘நவசக்தி’ நடத்தியபோதும், ‘பெண்ணின் பெருமை’, ‘முருகன் அல்லது அழகு’ போன்ற நூல்களை இயற்றியபோதும், ஆலைத் தொழிலாளர் உறவு அறுபடவில்லை. நாடு விடுதலை பெற்ற 1947இலும் ஆலைப் போராட்டத்தின் பொருட்டு அவர் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அம்முறை ஆணையிட்டது, அவர் முன்னாளில் உழைத்து வளர்த்த காங்கிரஸ் கட்சியின் மாகாண அரசு. ஆட்சி மாறிற்று, அவர் நின்ற பக்கம் மாறவில்லை.

இறுதிக் காலத்தில் கண்ணொளி மறைந்தது. அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். தம் முதுமைக் கவிதைகளுக்குப் படுக்கைப் பிதற்றல் என்று பெயரிடும் பணிவும் அவரிடம் இருந்தது. 1953 செப்டம்பர் 17 அன்று அவர் மறைந்தார்.

பெரம்பூர் ஆலைகளின் சங்கொலி இன்று இல்லை. ஆயினும் கூலி கேட்கும் குரலுக்கும் கவிதைக்கும் ஒரே தமிழ் போதும் என்று மெய்ப்பித்த அவ்வாழ்வு, எழுதுகோல் ஏந்துவோர் ஒவ்வொருவர்க்கும் உரிய செல்வமாக நிற்கிறது.