ஜான் பென்னெட் லாஸ்

சர் ஜான் பென்னெட் லாஸ் (டிசம்பர் 28, 1814 - ஆகஸ்ட் 31, 1900) ஓர் ஆங்கிலேய நிலக்கிழாரும் வேளாண் ஆய்வாளரும் ஆவார். செயற்கை உரத் தொழிலின் முன்னோடியாகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். கால்நடைத் தீவனம் பற்றிய இவரது ஆய்வுகள் அதே அளவுக்கு முக்கியமானவை. ஆயினும் அவை அதிகம் பேசப்படுவதில்லை.

வாழ்க்கை

இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்டுஷயரில் ஹார்ப்பெண்டன் என்னும் ஊரை அடுத்த ராதம்ஸ்டெட்டில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றும் பட்டம் பெறவில்லை. 1834 இல் குடும்பப் பண்ணையின் பொறுப்பை ஏற்றார். சூப்பர் பாசுபேட்டு உரம் தயாரிக்கும் முறைக்கு 1842 இல் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்னும் வேதியியலாளரைப் பணியில் அமர்த்தினார். இவர்களின் கூட்டுப்பணி லாஸ் இறக்கும்வரை 57 ஆண்டுகள் நீடித்தது.

தீவன ஆய்வுகள்

ஆடு, மாடு, பன்றிகள் உண்ணும் தீவனத்தில் எவ்வளவு உடல் எடையாக மாறுகிறது என்பதை இருவரும் அளந்தனர். கொழுத்த ஆட்டுக்குட்டி ஒன்று உட்படப் பத்து விலங்குகளை வெட்டி, அவற்றின் உடல் முழுவதையும் பகுப்பாய்வு செய்தனர். கொழுக்கவைக்கும் காலத்தில் கூடும் எடையில் பெரும்பகுதி கொழுப்பே என்றும், புரதத்தின் பங்கு குறைவு என்றும் இதன்மூலம் தெரியவந்தது.

அக்காலத்தில் பிரித்தானியாவில் மால்ட்டின் மீது, அதாவது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையின் (பார்லி) மீது, வரி இருந்தது. முளைகட்டும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுவதால் கால்நடைகள் விரைவில் கொழுக்கும் என உழவர் பலர் நம்பினர். வரியே தங்களுக்குத் தடை என்றும் குறைகூறினர். கால்நடைத் தீவனத்துக்கான மால்ட்டுக்கு 1864 இல் வரிவிலக்கு அளிக்கப்பட்டது. இந்நம்பிக்கை உண்மைதானா எனச் சோதிக்கும் பணியை அரசின் வணிக வாரியம் லாசிடம் ஒப்படைத்தது. ஒரே வாற்கோதுமையின் ஒரு பகுதியை அப்படியேயும், மறு பகுதியை மால்ட்டாக்கியும் கால்நடைகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டனர். 1866 இல் அறிக்கை வெளிவந்தது. முளைக்கும் விதை தன் சத்தில் ஒரு பகுதியைத் தானே செலவிட்டுவிடுகிறது, வேர்முளைகளும் உதிர்ந்துவிடுகின்றன. எனவே மால்ட்டின் எடை மூல தானியத்தைவிடக் குறைவு. அவ்விழப்பையும் முளைகட்டும் கூலியையும் ஈடுசெய்யும் அளவுக்குக் கூடுதல் வளர்ச்சி கிடைக்கவில்லை. வரி இல்லாவிடினும் சாதாரணத் தீவனமாக மால்ட் கட்டுபடியாகாது என்பதே இதன் பொருள். உழவர்கள் எதிர்பார்த்த விடை இதுவன்று. மால்ட் வரி 1880 இல் முற்றிலும் நீக்கப்பட்டது.

தானியத்தைப் பதப்படுத்தும் செலவுக்குப் பலன் உண்டா என்னும் கேள்வி இதனுடன் முடியவில்லை. 1970களில் ஸ்காட்லாந்தின் ரோவெட் ஆய்வு நிலையத்தில் ஆட்டுக்குட்டிகளுக்கு முழு வாற்கோதுமை கொடுத்துச் சோதித்தனர். ஆடுகள் தானியத்தை நன்கு மென்று அசைபோடுவதால், அரைக்காமல் கொடுப்பதாலும் வளர்ச்சி குன்றவில்லை; இறைச்சியின் கொழுப்பும் இளகாமல் உறுதியாக இருந்தது.

பிற்காலம்

லாஸ் 1872 இல் உரத் தொழிலை விற்றார். 1882 இல் பாரனெட் பட்டம் பெற்றார். ஆய்வுகள் தமக்குப் பின்னும் தொடர வேண்டி 1889 இல் 1,00,000 பவுண்டு கொண்ட அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். ராதம்ஸ்டெட்டில் 1843 இல் தொடங்கிய பிராட்பாக் கோதுமை வயல் ஆய்வு இன்றும் நடைபெற்றுவருகிறது.