வீரமாமுனிவரும் சதுரகராதியும்

மாலையில் பள்ளிப் பேருந்து மல்காஜ்கிரி நோக்கித் திரும்பும்போது, பிள்ளைகள் ஆங்கிலச் சொல் விளையாட்டு ஆடுவதுண்டு. ஒருவர் டி, இ, ஏ என மூன்று எழுத்துகளைக் கூறுவார். மற்றவர் டீ, ஈட், ஏட் என அவ்வெழுத்துகள் அடங்கிய சொற்களை அடுக்குவர். ஐயம் எழுந்தால் அகராதியைப் புரட்டினால் போதும். இவ்விளையாட்டைத் தமிழில் ஆடினால் எந்த நூலைப் புரட்டுவது? எழுத்தைக் கொண்டு தமிழ்ச் சொல்லைத் தேடிக் கண்டடைய வழிசெய்தவர்களுள் முதன்மையானவர், முப்பது வயது வரை தமிழ்நாட்டையே கண்டிராத ஒருவர். அவரே வீரமாமுனிவர்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பது அவரது இயற்பெயர். இத்தாலி நாட்டின் காஸ்திகிலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்தார். இயேசு சபையில் சேர்ந்து துறவியானார். 1710இல் கோவா வந்திறங்கி, அங்கிருந்து தமிழகம் அடைந்தார். தம் பெயரைத் தைரியநாதர் என அமைத்துக்கொண்டார்; பின்னர் வீரமாமுனிவர் என்னும் பெயரே நிலைத்தது. அரியலூரை அடுத்த ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் தங்கிச் சமயப்பணி ஆற்றினார்.

வளர்ந்தபின் ஒரு புதுமொழியைக் கற்பது எளிதன்று. அதிலும் அக்காலத்தில் தமிழ் கற்போர்க்குப் பெருந்தடை ஒன்று இருந்தது. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகளே அன்றைய சொற்பொருள் நூல்கள். அவை செய்யுளால் ஆனவை. மாணவர் அவற்றை இளமையிலேயே மனப்பாடம் செய்தனர். தேவர், மக்கள், விலங்கு, மரம் எனப் பொருள்வகையால் அவை பகுக்கப்பட்டிருந்தன. யானைக்கு என்னென்ன பெயர்கள் உண்டு என அறிய வேண்டின் விலங்கின் பெயர்த் தொகுதியில் காணலாம். களிறு, வேழம், கரி என வரிசையாகக் கிடைக்கும். ஆனால் வேழம் என்னும் சொல்லை முதன்முறை கேட்ட ஒருவர், அது விலங்கா மரமா என்றே அறியாதபோது எங்கே சென்று தேடுவார்? நூல் முழுவதும் நெஞ்சில் பதிந்தவருக்கே சொல் வசப்படும். ஏனையோர் ஆசிரியரின் வாயைப் பார்த்திருக்க வேண்டியதுதான்.

இக்குறையை நீக்க முயன்றவர் வீரமாமுனிவருக்கு முன்னும் இருந்தனர். 1594இல் சிதம்பர ரேவண சித்தர் சொற்களை முதலெழுத்து வரிசையில் அமைத்து அகராதி நிகண்டு இயற்றினார். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியும் எதுகை வரிசையில் அமைந்ததே. எனினும் அவையும் செய்யுள் நூல்களே.

வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை உருவாக்கினார். சதுர் என்றால் நான்கு. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு அகராதிகள் ஒரே நூலில் அடங்கியமையால் அப்பெயர் பெற்றது. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைப் பெயரகராதி தரும். ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைப் பொருளகராதி தரும். முக்கனி, நானிலம் போன்ற தொகைச்சொற்களை விளக்குவது தொகையகராதி. இம்மூன்றையும் விட நம் விளையாட்டுக்கு நெருக்கமானது நான்காவதாகிய தொடையகராதி.

தமிழ்ச் செய்யுளில் அடிகளின் முதற்சீரில் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை. கல்வி, செல்வம், நெல் ஆகியவற்றில் இரண்டாம் எழுத்து ல் என்பதைக் காண்க. முதலெழுத்துகள் அளவில் ஒத்திருக்கவும் வேண்டும். நாடு என்பதற்கு வீடு பொருந்தும், கடு பொருந்தாது. தெலுங்குச் செய்யுளிலும் இவ்விதி உண்டு. பிராச என்று உங்கள் தெலுங்கு ஆசிரியர் கற்பித்திருப்பார். எதுகை தேடும் புலவர்க்கு உதவும் வகையில் சொற்களைத் திரட்டி வைத்தது தொடையகராதி. இங்கிலாந்தில் 1775இல் ஜான் வாக்கர் ஓர் ஒலியியைபு அகராதி வெளியிட்டார். ஆங்கிலப் பாட்டின் ஒலியியைபு சொல்லின் இறுதியில் அமைவது. ஆதலால் அவர் சொற்களை இறுதி எழுத்திலிருந்து வரிசைப்படுத்தினார். தமிழ்ப் பாட்டோ இரண்டாம் எழுத்தில் ஒலிப்பது. வீரமாமுனிவர் அதற்கேற்பத் தொகுத்தார். அவருடைய நூல் நாற்பத்துமூன்று ஆண்டுகள் முந்தையது.

எழுத்து வரிசையில் சொல் தேட வேண்டுமாயின் எழுத்துகள் ஐயமின்றித் தெரிய வேண்டும். அன்றைய ஓலைச்சுவடிகளில் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. குறிலுக்குப் புள்ளி இடுவது பழைய இலக்கண விதி. ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு சிதையும் என்று எழுதுவோர் அதனை விட்டனர். வயலைக் குறிக்கும் செறு எது, சேறு எது என இடம்நோக்கியே உணர வேண்டியிருந்தது. இரட்டைச் சுழிக்கொம்பும், ஏ, ஓ என்னும் இன்றைய நெடில் வடிவங்களும் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் என்பர். தெலுங்கில் குறிலுக்கும் நெடிலுக்கும் தனித்தனி வடிவம் பயிலும் உங்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

தேம்பாவணி என்னும் 3615 பாடல்கள் கொண்ட காப்பியம், தொன்னூல் விளக்கம் என்னும் ஐந்திலக்கண நூல், சிரிப்பூட்டும் பரமார்த்த குரு கதை ஆகியவையும் அவர் எழுதியவை. தம்மைப் போலப் புதிதாகத் தமிழ் கற்க வரும் ஐரோப்பியர்க்கு இலத்தீன் மொழியில் தமிழ் இலக்கணமும் எழுதினார். 1747இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் மறைந்தார்.

சதுரகராதி அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. கையெழுத்துப் படிகளாகவே வழங்கி, 1824இல் சென்னையில் முழுமையாக அச்சாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் எழுத்து வரிசையில் எவரும் தேடிக்கொள்ளலாம். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் வீரமாமுனிவருக்குச் சிலை எடுக்கப்பட்டது. விடுமுறையில் சென்னை செல்லும் மாணவர் அதனைக் காணலாம்.

பயிற்சி: மல்காஜ்கிரி என்னும் ஊர்ப்பெயரின் இரண்டாம் எழுத்து ல். இதற்கு எதுகையாக அமையும் தமிழ்ச் சொற்கள் பத்து எழுதுக. முதலில் நினைவிலிருந்து எழுதுக. பின் வீட்டில் பெரியோரிடம் கேட்டு எழுதுக. எஞ்சியவற்றை அகராதியில் தேடுக. எச்சொல் எங்கிருந்து கிடைத்தது என்பதை அதனருகே குறிப்பிடுக.