குண்டு பல்பு காலத்து காமராஜர்!

உங்க ரூம்ல எரியற எல்.இ.டி பல்பைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க. அநேகமா 9 வாட்ஸ்தான் இருக்கும். இதே வெளிச்சத்துக்கு உங்க தாத்தா வீட்டு குண்டு பல்பு 60 வாட்ஸ் கரன்ட்டைக் குடிச்சது. உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை பழுக்கக் காய்ந்தால்தான் வெளிச்சமே வரும். அதனால, குடிச்ச கரன்ட்ல 90 சதவிகிதத்துக்கு மேல சூடாகவே போயிடும். எரியற பல்பைத் தொட்டு விரலைச் சுட்டுக்கிட்டவங்க உங்க வீட்லயும் இருப்பாங்க, கேட்டுப் பாருங்க!

ஆனா, மதுரைச் சுற்றுவட்டார கிராமங்களுக்கு அந்த குண்டு பல்பு வந்ததே பெரிய விஷயம். அந்தக் கதையில காமராஜருக்கு முக்கியப் பங்கு உண்டு.

1903, ஜூலை 15-ல விருதுநகரில் பிறந்தவர். சின்ன வயசுலேயே அப்பா தவறிட்டார். ஆறாம் வகுப்போட படிப்பு நின்னு, மாமாவோட ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனார். பிறகு சுதந்திரப் போராட்டம், சுமார் 9 வருஷம் சிறை. 1954, ஏப்ரல் 13-ல முதலமைச்சர்.

அவர் திறந்த பள்ளிக்கூடங்களும் மதிய உணவும் உங்களுக்குத் தெரியும். கரன்ட் கதையைத்தான் யாரும் அதிகம் பேசறதில்லை. முல்லைப் பெரியாறு தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியா இந்தப் பக்கம் வந்து, வைகையில கலந்து, மதுரை, மேலூர் வயல்களுக்குப் பல வருஷமா பாய்ஞ்சுட்டுதான் இருந்தது. அவர் ஆட்சியிலதான், மலையிலிருந்து இறங்கற அதே தண்ணியில லோயர் கேம்ப்ல மின்சாரமும் எடுத்தாங்க. நீலகிரியில குந்தா திட்டமும் அப்பதான் வந்தது. கம்பிகள் கிராமம் கிராமமா போச்சு. கமலை மாடு இறைச்ச கிணத்துல மோட்டார் ஓடுச்சு. அரிக்கேன் விளக்கு தொங்கின உத்தரத்துல பல்பு தொங்கியது.

அந்த பல்புல கரன்ட்டை மிச்சம் பிடிக்க சுலபமான வழி ஒண்ணுதான்: வேலை முடிஞ்சதும் ஸ்விட்ச்சை அணைக்கறது.

1963, அக்டோபர் 2-ல பதவியை விட்டு விலகினார். 12 வருஷம் கழிச்சு, அதே அக்டோபர் 2. சென்னை தி.நகரில் அவர் வசித்த வாடகை வீடு. உடம்பு வியர்த்துக்கொட்ட, டாக்டரைக் கூப்பிடச் சொல்லிட்டுப் படுத்தார். வெளியே போன உதவியாளரிடம், விளக்கை அணைச்சுட்டுப் போகச் சொன்னார்னு சொல்வாங்க. டாக்டர் வந்து பார்த்தப்போ உயிர் பிரிஞ்சிருந்தது.