பொன் தேடிய ஜான் வாரன்

மனிதர் எளிதில் நுழைய இயலாத பாழ்நிலங்களை ஆராய்வதற்குச் சிறு ரோபோக்களைத் திரளாக அனுப்பும் வழியை இக்கால அறிஞர்கள் வகுத்து வருகின்றனர். அத்திரளில் ஒரு ரோபோ தனித்துச் செய்யக்கூடியது மிகச் சிறிது. ஆயினும் அருகிலுள்ளவற்றோடு செய்தி பரிமாறிக்கொண்டு, எல்லாம் கூடிப் பெரும்பணியை முடித்துவிடும். இரு நூற்றாண்டுகளுக்கு முன்பு கோலார்ப் பகுதியில் அத்தகைய திரளாக நின்றவர்கள் மனிதர்களே. அவர்களைக் கண்டு எழுதி வைத்தவர் ஜான் வாரன்.

வாரன் 1769ஆம் ஆண்டு பிறந்தார். அயர்லாந்து வழிவந்த பிரெஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆங்கிலேயப் படையில் பணியாற்றிய அவர், பின்னர் நில அளவைப் பணியில் ஈடுபட்டார். 1802இல் மைசூர் நாட்டின் கிழக்கு எல்லையை அளந்துகொண்டிருந்தபோது, அங்குள்ள மண்ணில் பொன் கிடைக்கிறது என்னும் பேச்சு அவர் செவிக்கு எட்டியது.

நிலத்தை அளக்கும் கருவிகள் பொன்னைக் காட்டுமா? வாரன் ஊர்மக்களையே நாடினார். பொன் கலந்த மண்ணைக் காட்டுவோர்க்குப் பரிசு தருவதாக அறிவித்தார். உரிகம் என்னும் சிற்றூரின் மக்கள் மண்ணைக் கொணர்ந்து அவர் கண்முன்னே நீரில் அலசினர். அடியில் பொன்துகள் மின்னியது.

மாரிக்குப்பத்தில் அவர் கண்ட காட்சி இன்னும் வியப்பானது. ஆடவர் எண்ணெய் விளக்கின் ஒளியில் குறுகிய குழிகளுக்குள் இறங்கிக் கல்லை உடைத்தனர். கற்கள் கூடைகளில் கைமாறிக் கைமாறி மேலே வந்தன. பெண்கள் அவற்றை இடித்துத் தூளாக்கி, கழுவிப் பொன்னைப் பிரித்தனர். கிடைத்ததோ மிகச் சிறிதளவு. ரோபோத் திரளில் ஒன்று அழிந்தால் மற்றவை பணியைத் தொடரும், இழப்பு பெரிதன்று. குழிக்குள் இறங்கியவர் மீளாவிடில் ஒரு குடும்பமே இருளில் மூழ்கும். இவ்வேறுபாட்டை மறந்து அவர்களை எறும்புக் கூட்டத்தோடு ஒப்பிடுதல் தகாது.

வாரன் 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பை ஏற்றிருந்தார். பிற்காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்தபோது, தென்னிந்தியர் காலத்தைக் கணிக்கும் முறைகளை ஆராய்ந்து, ‘கால சங்கலித’ என்னும் நூலை 1825இல் வெளியிட்டார். அங்கே தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக அறிந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாம் அறியாததை உள்ளூராரிடம் கேட்டறிவதற்கு வாரன் இங்கும் தயங்கவில்லை. அவர் 1830இல் புதுச்சேரியில் காலமானார்.

நாற்பது ஆண்டுகள் கடந்தபின், வாரனின் அறிக்கையைப் படித்த லாவெல் என்னும் படைவீரர் 1871இல் கோலாருக்கு வந்தார். 1880களில் பெருஞ்சுரங்கங்கள் எழுந்தன. வட ஆர்க்காடு முதலிய தமிழ்ப் பகுதிகளிலிருந்து மக்கள் அங்கே குடியேறி, நாளடைவில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், வெப்பத்திலும் பாறை வெடிப்பிலும் உழைத்தனர். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அவர்கள் வழிவந்தோர் பலர் இன்றும் அங்கேயே வாழ்கின்றனர். நாள்தோறும் விடியலில் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் ஊர் திரும்புகின்றனர்.