கானுயிர் அன்பர் கிருஷ்ணன்

ஒரு நாட்டின் செல்வம் பொன்னும் பொருளும் மட்டும் அல்ல. அங்கு வாழும் மரமும் விலங்கும் பறவையும் அதன் செல்வமே. நம் முன்னோர் தம் ஊர்களுக்கே விலங்குகளின் பெயரைச் சூட்டினர். சேர்வராயன் மலையில் ஏற்காட்டை அடுத்துள்ள கரடியூர் அத்தகைய பெயர் தாங்கிய ஊராகும். பெயரில் வாழும் உயிர்கள் நிலத்திலும் வாழ்தல் வேண்டும் என்று தம் வாழ்நாள் முழுவதும் உழைத்த பெரியார் மா. கிருஷ்ணன் ஆவார்.

இவர் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். பத்மாவதி சரித்திரம் என்னும் புதினத்தை இயற்றிய அ. மாதவையா இவருடைய தந்தையார். அவர் 1925ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழ்க் கல்விக்காகப் பேசி முடித்த அளவில் உயிர் நீத்தார். அப்பொழுது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. பின்னர் அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார்; தாவர இயலும் சட்டமும் கற்றுத் தேர்ந்தார். எனினும், வழக்குமன்றம் அவர் உள்ளத்தைக் கவரவில்லை.

1942ஆம் ஆண்டில் அவர் இன்றைய கருநாடகத்திலுள்ள சந்தூர் சமஸ்தானத்தில் பணி ஏற்றார். அங்குள்ள குன்றுகளும் காடுகளும் அவருக்குப் பள்ளியாயின. சமஸ்தானம் இந்திய நாட்டோடு இணைந்தபின் சென்னைக்கு மீண்டார். அதன்பின் எழுத்தையும் நிழற்படத்தையுமே துணையாகக் கொண்டு வாழ்ந்தார். நிலையான ஊதியத்தைத் துறந்து அவர் மேற்கொண்ட இவ்வாழ்க்கை எளியது அன்று.

கல்கத்தாவில் வெளிவந்த ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950ஆம் ஆண்டு தொடங்கி, 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் மறையும்வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் உயிரினங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் அழகிய கட்டுரைகள் வரைந்தார். 1968ஆம் ஆண்டில் நேரு பெயரால் அமைந்த ஆய்வு நல்கையைப் பெற்றுத் தென்னாட்டுப் பாலூட்டிகளை ஆராய்ந்தார்.

பல உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த நிழற்படக் கருவியையே அவர் கையாண்டார். கறுப்பு வெள்ளைப் படங்களையே விரும்பினார். முதுமலைக் காட்டில் யானைமேல் அமர்ந்தும் நடந்தும் சென்று, உயிர்களை அச்சுறுத்தாமல் பொறுமையுடன் படமெடுத்தார்.

நீர்ப்பறவைகளின் புகலிடமான வேடந்தாங்கலும் அவர் கருத்தை ஈர்த்தது. அவ்வேரியில் நாரை, கொக்கு, நீர்க்காகம் முதலியன கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகிறது. ஆதலின் அவ்வூர் உழவர் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருகின்றனர். பறவையும் மனிதரும் ஒருவர்க்கொருவர் உதவி வாழலாம் என்பதற்கு வேடந்தாங்கல் தக்க சான்றாகும்.

அரிய விலங்குகளை மட்டுமே கிருஷ்ணன் போற்றினார் அல்லர். காகம், மைனா, அணில் ஆகியவற்றையும் அதே ஆர்வத்துடன் நோக்கினார். தன் மண்ணுக்குரிய செடிகொடிகளையும் உயிர்களையும் இழந்த நாடு தன் அடையாளத்தையே இழந்துவிடும் என்பது அவர்தம் உறுதியான கொள்கை.

மாணவர்களே! பறவைகளைக் காண நீங்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. உங்கள் ஊர் ஏரிக்கரையில் சிறிது நேரம் ஓசையின்றி அமருங்கள். அங்கு வரும் பறவைகளின் தமிழ்ப் பெயர்களை அறிந்துகொள்ளுங்கள். அறிந்ததையே நாம் விரும்புவோம், விரும்பியதையே காப்போம்.