பூஞ்சையைப் பணிகொண்ட மேதை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

பூசணம் என்றதும் முகம் சுளிப்பவர்கள் நாம். ஊறுகாயில் பூத்தால் கொட்டிவிடுகிறோம். ரொட்டியில் படர்ந்தால் எறிந்துவிடுகிறோம். அது நல்ல பழக்கமே. ஆயினும் அந்தப் பூஞ்சை இனத்திலிருந்தே ஒரு மருந்தை ஆக்கி உலகுக்கு அளித்த மேதை ஒருவர் உண்டு. அவர்தாம் ஜப்பானிய விஞ்ஞானி ஜோகிச்சி தாக்காமினே.

1854ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் ஜப்பானின் தக்கவோக்கா நகரில் அவர் பிறந்தார். தந்தையார் மருத்துவர். தாயாரோ அரிசி மது வடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். அந்நாட்டில் வெந்த அரிசியின்மேல் ஒருவகைப் பூஞ்சையின் வித்துகளைத் தூவி வைப்பர். இரண்டே நாட்களில் அது வெண்மையாகப் படர்ந்து, அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் ஆற்றலைப் பெறும். இதற்குக் கோஜி என்று பெயர். அப்பூஞ்சையின் அறிவியற்பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே.

தாக்காமினே 1879இல் தோக்கியோவில் பொறியியற் கல்லூரிப் படிப்பை முடித்தார். பின்னர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உயர்கல்வி பயின்றார். 1884இல் நியூ ஆர்லியன்ஸ் பொருட்காட்சிக்குச் சென்றபோது கரோலின் ஹிட்ச் என்ற அமெரிக்க மங்கையைச் சந்தித்தார். 1887இல் அவரையே மணந்துகொண்டார்.

1890இல் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றார். அங்கே விஸ்கி வடிக்க முளைகட்டிய பார்லியையே பயன்படுத்தி வந்தனர். அதற்குப் பதிலாகக் கோஜியைக் கொண்டு விரைவாகவும் மலிவாகவும் அப்பணியை முடிக்கலாம் எனப் பியோரியா நகரில் சோதனை நடத்தினார். பார்லித் தொழிலை நம்பியிருந்தோர் சீறி எழுந்தனர். சோதனை நடந்த ஆலை தீக்கிரையாயிற்று. கல்லீரல் நோயும் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. அந்நிய மண்ணில் செல்வமும் இல்லை, உடல்நலமும் இல்லை. வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பார். அவரோ ஆய்வைக் கைவிடவில்லை. கோதுமைத் தவிட்டில் பூஞ்சையை வளர்த்து, அதன் நொதியைப் பிரித்தெடுத்து, 1894இல் காப்புரிமை பெற்றார். தாக்கா டயஸ்டேஸ் என்ற அந்த மருந்து, மாவுப்பொருள் செரிக்காமல் துன்புற்றோர்க்கு நிவாரணம் அளித்தது. 1900இல் தம் உதவியாளர் கெய்சோ உயேநாக்காவுடன் அட்ரினலினைப் படிக வடிவில் பிரித்தெடுத்துப் பெரும்புகழ் எய்தினார். 1922ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் நியூயார்க்கில் மறைந்தார்.

அவர் மறைந்து 38 ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெருஞ்சோதனை வந்தது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை விளைவித்த அஃப்ளடாக்சின் நஞ்சே காரணம் என ஆய்வில் தெரிந்தது. கல்லீரலைத் தாக்கும் அந்நஞ்சு, சாதாரணச் சமையற் சூட்டில் அழிவதில்லை. 1974இல் ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2005இல் அமெரிக்காவில் இந்நஞ்சு கலந்த தீவனத்தைத் தின்று வளர்ப்பு நாய்கள் பல இறந்தன.

இக்கொலைப் பூஞ்சை கோஜிப் பூஞ்சைக்கு மிக நெருங்கிய உறவு! அப்படியானால் கோஜியும் நஞ்சுதானா? ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆலைகளில் வளர்க்கப்படும் கோஜி வகைகளைச் சோதித்தனர். அவற்றில் அஃப்ளடாக்சின் இல்லை. 2005இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. நஞ்சாக்கும் மரபணுக்களின் எச்சம் அதில் உண்டு. ஆனால் அவை செயலற்றுக் கிடக்கின்றன. எனினும் அதன் சில வகைகள் வேறு சில நச்சுப் பொருள்களைச் சிறிதளவு உண்டாக்க வல்லவை. எனவேதான் ரொட்டி மாவிலும் நாய்த் தீவனத்திலும் சேர்க்கப்படும் பூஞ்சை நொதிகளை, எந்த வகையிலிருந்து எடுத்தது என்று அறிந்து, நஞ்சில்லை என்று சோதித்த பின்பே பயன்படுத்த வேண்டும். பெயரைக் கண்டு அஞ்சுவதும் பேதைமை. சோதிக்காமல் நம்புவதும் பேதைமை.

படிப்பறியாத எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நிலக்கடலையை, குலுக்கினால் உள்ளே பருப்பு சலசலக்கும் வரை வெயிலில் உலர்த்திய பின்னரே மூட்டை கட்டுவார்கள். ஈரமுள்ள கடலையில்தான் அந்த நச்சுப் பூஞ்சை செழிக்கும் என்ற காரணத்தை நான் பாட வகுப்பில்தான் அறிந்தேன். முன்னோர் பழக்கத்தின் காரணத்தைத் தேடிக் கண்டு, அதை உலகுக்குப் பயன்படச் செய்தவர் தாக்காமினே. அறிவியல் பயிலும் நாமும் அவர்போல் நம் வீட்டு வழக்கங்களைக் கூர்ந்து நோக்குவோமாக! நன்மை தருவதைப் போற்றுவோம். பூசணம் பிடித்த தானியத்தை மனிதர்க்கும் இடோம், மாட்டுக்கும் நாய்க்கும் இடோம்.